மூடுபனி, வீடு, சதி லீலாவதி: மூன்றும் ஒரே ஆள் எடுத்த படங்களா?

அமிர்தகழியான் (இரவு 9.10)

வணக்கம் உறவுகளே.

சித்திரை விடுமுறையில் அடுத்தடுத்து மூன்று இரவுகள் பாலு மகேந்திராவின் படங்களைப் பார்த்தோம். 'மூடுபனி' (1980), 'வீடு' (1988), 'சதி லீலாவதி' (1995). முதலாவது கொலைகாரன் ஒருவனின் கதை. இரண்டாவது, வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொன்னதால் சொந்தமாக ஒரு கூரை போட அலைகிற பெண்ணின் கதை. மூன்றாவது வயிறு நோகச் சிரிக்க வைக்கிற குடும்பக் கதை. கடைசிப் படம் முடிந்ததும் என் மகள் கேட்டாள்: "அப்பா, இது மூன்றும் ஒரே ஆள் எடுத்ததா?"

ஒரே ஆள்தான், அதுவும் நம் ஊர் ஆள் என்றேன். 1939இல் மட்டக்களப்பின் இதே அமிர்தகழியில் பிறந்தவர், மிக்கேல் கல்லூரியில் படித்தவர், பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தவர் என்றெல்லாம் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. "அப்படியென்றால் மூன்றிலும் என்ன ஒற்றுமை?" என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒளிப்பதிவாளர், இயக்குநர், கதாசிரியர், படத்தொகுப்பாளர் என்று அடுக்குவார்கள். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று மொழிகளையும் அடுக்குவார்கள். பிறகு 'பல்துறைக் கலைஞர்' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. மனிதர் கதையைத்தான் மாற்றினார், கண்ணை மாற்றவில்லை. எந்தப் படத்திலும் வெளிச்சம் ஒரு கதவு வழியாகவோ யன்னல் வழியாகவோ வருகிறது. வருகிற இடம் நமக்குத் தெரிகிறது. முகத்தின் ஒரு பாதிதான் துலங்குகிறது, மறு பாதியை இருட்டுக்கே விட்டுவிடுகிறார்.

எங்கள் வீட்டு விறாந்தையில் விடிய ஆறரைக்கு உட்கார்ந்தால் இதே வெளிச்சம்தான். வாவியில் பட்ட வெயில் திரும்பி வந்து முகட்டில் அலை அலையாக ஆடும். கீழே கதிரையில் இருப்பவரின் கன்னத்தில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம் விழும். அந்த ஆள் சின்ன வயதில் பார்த்த வெளிச்சம் இதுதான் என்று நான் நம்புகிறேன். கொலைக் கதைக்கும் சிரிப்புக் கதைக்கும் அதையே கொண்டுபோனார் என்றும் நம்புகிறேன்.

கல்லாற்றுக் கமரா (இரவு 9.52)

சேர், நல்ல இழை. நான் இருபது வருடமாகக் கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கிறவன். ஒளி பற்றி என்பதால் வாய் திறக்கிறேன்.

அவர் படங்களில் இருக்கிற வெளிச்சம் சும்மா கிடைத்த வெளிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிற ஒளியில் எடுப்பது என்றால் விளக்கே போடாமல் எடுப்பது என்று பொருள் அல்ல. சூரியன் நகரும், முகில் மறைக்கும், நடிகர் வசனத்தை மறப்பார். மூன்று மணி நேரம் எடுத்த காட்சி திரையில் இரண்டு நிமிடத்தில் ஒரே பொழுதாகத் தெரிய வேண்டும். அதற்கு வெள்ளைத் துணி கட்டுவார்கள், பலகை பிடித்து வெயிலைத் திருப்புவார்கள், தேவைப்பட்டால் விளக்கும் போடுவார்கள். போட்டது தெரியக் கூடாது, அவ்வளவுதான். அன்றைய படச்சுருளில் இது இன்னும் கடினம். எடுத்ததை அங்கேயே பார்க்க முடியாது. சுருள் கழுவி வரும்வரை வயிற்றில் நெருப்பு.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஹலோஜன் விளக்கு இரண்டைத் தூக்கிக்கொண்டு போவேன். மணப்பெண் முகம் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும், பின்னால் சுவரில் கறுப்பு நிழல் இரண்டு நிற்கும். எல்லோரும் அதைத்தான் 'பளிச்' என்று கேட்டார்கள். அவருடைய 'மூன்றாம் பிறை'யை (1982) ஒரு மழைநாளில் பார்த்தேன். அடுத்த கிழமை களுவாஞ்சிகுடியில் ஒரு கலியாணம். பெண்ணை அறையில் யன்னலுக்குப் பக்கவாட்டாக இருத்தி விளக்குகளை அணைத்தேன். தாய் வந்து தலைப்பூவைச் சரி செய்தார். அந்த யன்னல் வெளிச்சத்தில் தாயின் கை மட்டும் துலங்கியது. அந்த ஒரு காட்சிக்காக அந்த வீட்டார் இன்றும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் சேர், 'ஒரே வெளிச்சம்' என்பதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 'மூடுபனி'யிலும் ஊட்டி, 'மூன்றாம் பிறை'யிலும் ஊட்டி. இரண்டு வருடந்தான் இடைவெளி, அதே மலை, அதே பனி. முதல் படத்தில் அந்தப் பனிக்குள் என்ன மறைந்திருக்கிறதோ என்று நெஞ்சு அடிக்கிறது. இரண்டாவதில் அதே பனி நாயகனையும் நாயகியையும் போர்வை போலப் போர்த்துகிறது. ஒரே பொருளை வைத்துப் பயத்தையும் பாசத்தையும் எடுத்திருக்கிறார். அப்படியானால் கண்ணும் மாறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சாய்ந்தமருது வாசகன் (இரவு 10.31)

இருவருக்கும் வணக்கம். அன்போடு ஒரு மறுப்பு.

ஊர்ப்பற்று நல்லது, ஆனால் அது கண்ணை மறைக்கக் கூடாது. பாலு மகேந்திராவின் பலவகைப் படங்களில் பாதிக்கு மூலம் வேறு இடத்தில் இருக்கிறது. 'மூடுபனி'யைப் பார்க்கிற யாருக்கும் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' நினைவு வரும். 'இரட்டை வால் குருவி'யும் 'சதி லீலாவதி'யும் அமெரிக்கப் படங்களிலிருந்து கதையை எடுத்தவை. 'மறுபடியும்' (1993) மகேஷ் பட்டின் 'அர்த்' என்ற இந்திப் படத்தின் மறுஆக்கம். இடையில் 'நீங்கள் கேட்டவை' (1984) என்று ஒன்று. பெயரே சொல்கிறது, ரசிகர் கேட்டதைக் கொடுக்க எடுத்த படம் அது.

ஆகவே பல வகைகளில் படம் எடுத்தது அவருடைய விருப்பமா, பிழைப்பா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தன் படங்களில் குறைகள் குறைந்தவை 'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டும்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதையே நாம் ஏன் நம்பக் கூடாது? அந்த இரண்டில்தான் அவர் முழுதாக இருக்கிறார். மற்றவை அந்த இரண்டையும் எடுக்க அவர் கட்டிய வட்டி.

அமிர்தகழியான் (இரவு 10.58)

சாய்ந்தமருது நானா, வட்டி என்ற சொல் என்னைத் தைத்துவிட்டது. பதில் சொல்லாமல் படுக்க முடியவில்லை.

கதை கடன் வாங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'சதி லீலாவதி'யில் கல்பனாவைப் பாருங்கள். உடல் பருத்த மனைவியைக் கேலி செய்து சிரிக்க வைப்பது தமிழ்ப் படத்தில் மிகச் சுலபமான வேலை. கதையும் அதற்கு இடம் கொடுக்கிறது. கணவனுக்கு அவள் உடம்பே பிடிக்கவில்லை. ஆனால் அவள் தனியே இருக்கும்போது கமரா அவளைக் கேலி செய்வதில்லை. 'வீடு' படத்தில் அர்ச்சனாவை எப்படிப் பார்த்ததோ அதே மரியாதையோடு பார்க்கிறது. சிரிப்பெல்லாம் கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசுகிற கொங்குத் தமிழுக்கு, கிரேசி மோகன் எழுதிய வசனத்துக்கு. கல்பனாவுக்கு அழுகை, கோபம், மானம் எல்லாம் இருக்கிறது. வட்டி கட்டுகிறவன் அந்த அளவுக்கு அக்கறை எடுப்பானா?

கமராத் தம்பி சொன்ன பனி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் நினைத்திராத கோணம் அது.

விபுலானந்த மாணவி (காலை 7.20)

அனைவருக்கும் காலை வணக்கம். கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறேன். நாடகமும் காட்சிக் கலையும் எங்கள் பாடங்கள். இந்த இழையை அதிகாலையில் முழுதாக வாசித்தேன்.

பிறருக்காக அவர் செய்த ஒளிப்பதிவை யாரும் இன்னும் தொடவில்லை. வகை என்று பேசும்போது அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராமு காரியட்டின் 'நெல்லு' என்ற மலையாளப் படம், மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978), கே. விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்', மணிரத்னத்தின் முதல் படமான கன்னடப் 'பல்லவி அனுபல்லவி' (1983) ஆகியவை எல்லாவற்றுக்கும் கமரா இவர்தான். ஒரு சங்கீத வித்துவானின் கதை, மலை நாட்டில் ஒரு முரட்டு அண்ணனின் கதை, நகரத்துக் காதல் கதை. இயக்குநர்கள் நால்வரும் நான்கு திசை. அவரவர் படம் அவரவர் படமாகவே இருக்கிறது. ஒருவர் வீட்டுக்குச் சமைக்கப் போனால் அந்த வீட்டு உப்புப் பதம் அறிந்து சமைக்க வேண்டும் அல்லவா? இவருக்கு அது தெரிந்திருந்தது.

தான் இயக்கிய முதல் படமான 'கோகிலா'வை (1977) அவர் கன்னடத்தில் எடுத்தார். தமிழில் அல்ல. அதன் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 'மூன்றாம் பிறை'யின் வண்ண ஒளிப்பதிவுக்கும் கிடைத்தது. எங்கள் வகுப்பில் நிழலுக்கு எத்தனை நிறம் என்று ஒருநாள் விவாதித்தபோது எனக்கு இந்த இரண்டு விருதும்தான் நினைவுக்கு வந்தன.

புளியந்தீவு (காலை 8.45)

எல்லாம் சரி. வெளிச்சம், நிழல், பனி என்று பேசுகிறீர்கள். எனக்கு வேறு ஒரு கேள்வி பல வருடமாக நெஞ்சில் கிடக்கிறது.

இந்த மண்ணில் பிறந்த ஒருவர், இந்தியாவின் பெரிய கலைஞர்களில் ஒருவராக நின்றார். 83 கலவரத்தில், 90இன் போரில், அதற்குப் பிறகும் இங்கே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாதா? நான் அகதி முகாமில் பள்ளிக்கூட மேசைக்குக் கீழே படுத்துத் தூங்கியவன். அவருடைய ஒரு படத்தில் ஒரு பாத்திரமாவது மட்டக்களப்பு ஆளாக இருந்திருக்கலாம். நான் பார்த்த அவருடைய படம் எதிலும் எங்கள் பேச்சை ஒரு வரி கேட்டதில்லை. கொங்குத் தமிழுக்கு இடம் இருந்தது, எங்கள் தமிழுக்கு இருக்கவில்லை. அவரை 'நம் ஆள்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அது வலிக்கிறது. கோபத்தில் எழுதவில்லை. ஊருக்கு வராத பிள்ளையைப் பற்றித் தகப்பன் பேசுகிற மனநிலையில் எழுதுகிறேன்.

சாய்ந்தமருது வாசகன் (காலை 9.30)

தம்பி, உங்கள் வலி புரிகிறது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அவர் பூனாவுக்குப் போனது 60களின் நடுவில். பிறகு அவர் உழைத்ததெல்லாம் இந்தியத் தணிக்கைக்குள், இந்தியத் தயாரிப்பாளரின் பணத்தில். அந்த வட்டத்துக்குள் நம் கதையை உண்மையாகச் சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும்? அரைகுறையாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் விட்டது எனக்கு நேர்மையாகவே படுகிறது.

அதோடு ஒரு விஷயம் சொல்கிறேன், நேற்று நான் எழுதியதையும் இது கொஞ்சம் திருத்துகிறது. 'வீடு' படத்தின் விதை எங்கே விழுந்தது என்று அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்கினார். எப்போதும் சிரித்த முகமாக இருந்த அம்மாவிடமிருந்து, வீடு வளர வளர அந்தச் சிரிப்பு போய்விட்டது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நினைவிலிருந்துதான் படத்தின் நாயகி சுதா வந்தாள்.

'அழியாத கோலங்கள்' (1979) படத்தின் மூன்று பையன்களும் அப்படித்தான். அந்தப் படத்தில் தன் சிறுபிராயம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சு. ஆனால் அந்தப் பையன்கள் குளிக்கிற ஆற்றை நான் பார்த்தபோது எனக்கு எங்கள் பக்கத்துத் தோணா என்ற நீரோடைதான் தெரிந்தது.

புளியந்தீவு (காலை 9.41)

அம்மா வீடு கட்டிய கதை எனக்குத் தெரியாது. 'வீடு' படத்தை நான் சென்னைப் படமாகத்தான் பார்த்தேன்.

இன்று மறுபடி பார்க்கிறேன்.

கல்லாற்றுக் கமரா (மதியம் 1.05)

இன்னொரு ஊர்க் கதையும் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலா போன இடத்தில், 'குவாய் நதிப் பாலம்' படத்தை டேவிட் லீன் இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். இயக்குநர் "மழை" என்று கத்தினார், மழை பெய்தது. ஒரு மனிதன் சொல்லி மழை பெய்ததைப் பார்த்த பையன் அன்றே முடிவெடுத்துவிட்டான். இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 'மூன்றாம் பிறை'யின் கடைசியில் கேத்தி ரயில் நிலையத்தில் மழைக்குள் கமல்ஹாசன் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருவான்.

தம்பிலுவில் மகள் (பிற்பகல் 3.15)

அண்ணன்மாரே, நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'வீடு' என்ற பெயர் வந்ததால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26இல் எங்கள் வீடு கடலோடு போனது. அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. பிறகு ஒரு வீட்டுத் திட்டத்தில் எங்கள் பெயர் வந்தது. பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். அத்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு பங்கு, கூரை போட்டால் ஒரு பங்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வராத கிழமைகளில் சீமெந்து விலை ஏறும். மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவார். வாப்பா இல்லாத, கணவர் இல்லாத வீடுகளில் பெண்கள்தான் இதற்கெல்லாம் அலைந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா அலைந்தார். நான் அப்போது சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சீமெந்துப் பைகளை எண்ணினால் நான்கு குறைந்தது. வேலைக்கு வந்த ஒருவரே எடுத்து விற்றிருந்தார். அதைக் காட்டிக் கொடுத்தது கல் சுமக்க வந்த ஓர் அக்கா. பல வருடம் கழித்து 'வீடு' படம் பார்த்தேன். ஒப்பந்தக்காரர் சீமெந்து திருடுவதை மங்கம்மா என்ற சித்தாள் பெண் அம்பலப்படுத்துகிற இடம் வந்தது. படத்தை நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன். எங்கள் வளவில் நடந்ததை எங்களுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்ற திகைப்பு.

பிறகு சுதாவின் தாத்தா வருகிற காட்சி. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் யாரிடமும் சொல்லாமல், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியே வருகிறார். வசனம் இல்லை. இளையராஜா முன்பே தனித் தொகுப்பாக வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசை போகிறது. படம் முழுக்கப் பாட்டே கிடையாது. கிழவர் பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். எங்கள் அப்பப்பாவும் அப்படித்தான் தொட்டார், உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். காய்ச்சல் பார்ப்பது போல. சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்த்தாராம்.

வகை, மூலம் எல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் படத்தை எடுத்தவர் ஒரு வீடு கட்டப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

சாய்ந்தமருது வாசகன் (பிற்பகல் 3.50)

தங்கச்சி, எங்கள் ஊரிலும் அந்த அலை. உங்கள் எழுத்தை வாசித்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தேன். 'வட்டி' என்று நான் எழுதியதை மீளப் பெறுகிறேன். 'வீடு' எடுக்க அவருக்கு இருந்த பொறுமை 'மூடுபனி'யில் கொலைகாரனை வெறுக்காமல் பார்த்த பொறுமைதான். இரண்டையும் நான் தனித்தனியாக வெட்டியது சரியில்லை.

ஆனால் 'நீங்கள் கேட்டவை' விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

விபுலானந்த மாணவி (மாலை 5.12)

நானா, அதில் நானும் உங்கள் பக்கம்.

கடைசிப் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'தலைமுறைகள்' 2013இல் வந்தது. தமிழ் தெரியாத பேரனும் ஆங்கிலம் தெரியாத தாத்தாவும். தாத்தாவாக அவரே நடித்தார். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் இயக்கமும் அவரே. ஒருபோதும் கழற்றாத தொப்பியை அந்தப் படத்துக்காகக் கழற்றினார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 13இல் காலமானார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற என் மாமாவின் பிள்ளைகளோடு எங்கள் அம்மம்மா சைகையால் பேசுவதைப் பார்க்கிறபோது, புளியந்தீவு அண்ணா கேட்ட 'எங்கள் கதை' இதற்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லோரும் அவரிடம் வேலை பழகியவர்கள். ஒருவர் படம் மற்றவர் படம் போல இல்லை. தன்னிடம் வந்தவர்களைச் சிறுகதை வாசிக்க வைத்தார், வாசித்ததைச் சுருக்கி எழுதச் சொன்னார். கமராவைத் தொட விடுவதற்கு முன் கதை. தொலைக்காட்சிக்கு 'கதை நேரம்' எடுத்தபோதும் தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளைத்தான் எடுத்தார். வகை மாறினாலும் தடுமாறாமல் இருந்ததற்கு இந்த வாசிப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அமிர்தகழி சேர் சொன்ன வாவி வெளிச்சத்தை நான் மறுக்கவில்லை. அதோடு புத்தகத்தையும் வையுங்கள்.

அமிர்தகழியான் (மாலை 6.40)

வைத்துவிட்டேன் பிள்ளை.

மகளுக்கு இந்த இழையை முழுதாக வாசித்துக் காட்டினேன். பனிக்கதை அவளுக்குப் பிடித்துவிட்டது. 'மூன்றாம் பிறை'யை இன்று இரவே போடச் சொல்கிறாள். கமராத் தம்பி, ஒரு காலையில் விறாந்தைக்கு வாருங்கள், ஆறரைக்கு முன்னால். தேநீர் தருகிறேன்.

புளியந்தீவு (இரவு 11.25)

'வீடு' பார்த்து முடித்தேன். என் அம்மாவும் கூட இருந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது. படம் பார்க்க உட்கார்ந்தால் அரை மணியில் தூங்கிவிடுகிறவர். இன்று தூங்கவில்லை.

கிட்டத்தட்ட முடிந்த வீடு. குடிநீர் வாரியத்துக்காக அந்தக் காணி எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது என்று ஓர் அதிகாரி வந்து சொல்கிற இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தார். சுதா வழக்குப் போடுகிறாள். படம் முடிந்து எழுத்து ஓடும்போது அம்மா கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைத்ததா?"

தீர்ப்பு வரவில்லை அம்மா, படம் அதோடு நின்றுவிடுகிறது என்றேன்.

அவர் எழுந்து அறைக்குப் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்து எங்கள் காணி உறுதியை எடுத்து வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்.